கை நனைக்காத தரகன்

குறுக்கே நீட்டிய கை

இலையில் சோறு விழுவதற்குள் கையைக் குறுக்கே நீட்டிவிட்டேன். கல்யாணத் தரகன் மாப்பிள்ளையின் உயரத்தில் இரண்டு விரல் கூட்டலாம், பெண்ணின் வயதில் இரண்டு வருஷம் குறைக்கலாம். இலைக்குக் குறுக்கே மட்டும் கை நீட்டக் கூடாது. சோறு என் புறங்கையில் விழுந்தது. நல்ல சூடு. எடுத்தால் இலைக்குப் போய்விடும் என்று கையை அப்படியே வைத்திருந்தேன். பரிமாறிய பெண் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அது காரிமங்கலத்துக்கு மேற்கே மாதையன் என்கிற குடியானவரின் வீடு. தாயில்லாத வீடு. பரிமாறியவள் அவருடைய ஒரே மகள் காவேரி. நான் வரன் கொண்டுபோயிருந்ததும் அவளுக்குத்தான். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் மனசு ஒப்பும்வரை அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். மோர் குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள், சோற்றில் கை வைக்க மாட்டார்கள். கை வைத்துவிட்டால் சரி என்று அர்த்தம். கை நனைப்பது என்று இதைச் சொல்வோம். மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் போகிற தரகன்தான் முதலில் நனைக்க வேண்டும். அவன் வயிறாரச் சாப்பிட்டான் என்ற செய்தி போன பிறகே அவர்கள் வண்டி கட்டுவார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிது. மூன்று வேளையும் களி தின்கிற குடும்பம் எனக்காக எங்கோ அலைந்து இரண்டு படி அரிசி தேடிப் பொங்கியிருந்தது. நான் கீரையையும் கத்தரிக்காயையும் வழித்துத் தின்றுவிட்டு, மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன். மாதையன் வாசல்வரை கூடவே வந்தார். கோபப்படவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

"எங்க வூட்டுல என்ன கொறைன்னு வாயால சொல்லிட்டுப் போங்க தரகரே, சோத்தால சொல்லாதீங்க."


கழுத்துக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று

அந்தக் கைக்குப் பின்னால் ஒரு கழுத்து இருந்தது. பத்தியம் இருக்கிற அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் குளிர் வந்தது. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு காரிமங்கலம் சந்தையில் நின்றேன். கம்பளி வியாபாரி என்று நினைத்து இரண்டு பேர் விலை கேட்டார்கள். பிறகு குரல் போயிற்று. ஒரு பெண்ணின் குணநலத்தை நான் எடுத்துச் சொன்னால், இழவு சொல்ல வந்தவன் பேசுவதுபோல இருந்ததாம். முகம் உப்பியது. சட்டையின் மேல் பித்தான் கழுத்தைச் சுற்றி வர மறுத்தது. ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண் மூடியது.

சேலத்து டாக்டர் ஒருவர் எனக்குப் பின்னால் நின்று கழுத்தைப் பிடித்து, தண்ணீர் குடிக்கச் சொன்னார். தைராய்டு என்றார். பல வருஷம் கழித்து வேறொரு டாக்டர் அதைப் பிரித்துச் சொன்னார்: உடம்பைக் காக்க வேண்டிய படையே கழுத்திலிருக்கிற சுரப்பியை அந்நியன் என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறதாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பங்காளிச் சண்டை. ஒரே ரத்தம், ஒரே வரப்பு, ஆகவே அடி.

சேலத்து டாக்டருக்கு இந்த விளக்கம் தெரியாது, வைத்தியம் தெரியும். ஆட்டின் கழுத்துச் சுரப்பியை உலர்த்திச் செய்த மாத்திரை கொடுத்தார். அது கழுத்துக்கு. பிறகு என்னைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு இடுப்புக்குத் தனியாக எழுதினார். சோறு கூடாது. களி கூடாது. சாமை, தினை, கிழங்கு, வெல்லம் எதுவும் கூடாது. கீரை, காய், முட்டை, மீன், மோர் ஆகலாம். நான் ஒரு கல்யாணத் தரகன் என்று எடுத்துச் சொன்னேன். வாரத்தில் நாலு நாள் அடுத்தவர் வீட்டு இலையில்தான் என் பிழைப்பு என்றேன். அவர் பேனாவை மூடினார்.

"ஆயுசு வேணுமா சோறு வேணுமா, நீயே முடிவு பண்ணு. ரெண்டையும் சேர்த்துக் குடுக்கிற மாத்திரை எங்கிட்ட இல்லை."


பணக்கார நோய்

வியாதியை வெளியே சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் நாங்கள் கேட்கிற முதல் கேள்வியே, வம்சத்தில் நோய் நொடி உண்டா என்பதுதான். கழுத்து வீங்கியவன் வந்து அதைக் கேட்டால் எந்த வீட்டில் பதில் சொல்வார்கள்? ஆகவே கழுத்தைச் சுற்றித் துண்டு. தோளில் ஒரு மஞ்சள் பை. பையில் என் மனைவி பாவாயி அவித்த முட்டை நாலு, ஒரு மூடி தேங்காய், வறுத்த கடலை கொஞ்சம் வைத்துக் கட்டித் தருவாள். ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் எந்த வீட்டுக்கும் போவேன்.

பாவாயிக்கு டாக்டரின் மேல் நம்பிக்கை உண்டு. நோயின் மேல்தான் இல்லை. அவள் அப்பா அம்மா பார்த்த காலத்தில் நோய் வந்தால் கஞ்சி குடிப்பார்கள். கஞ்சியே கூடாத நோயை அவள் கேள்விப்பட்டதில்லை. எனக்கு நாலாவது முட்டையை உரித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வர்ற நோயும் பணக்கார நோயாப் பார்த்து வந்திருக்குது. களி வேண்டாமாம், முட்டை வேணுமாம். எனக்கும் ஒரு நாளைக்கு வந்தாத் தேவலை."


மடியில் களி

பென்னாகரம் பக்கம் ஒரு பெரிய குடித்தனம். சின்னத் தேங்காய் அளவில் ஒரு களி உருண்டையை வட்டிலில் உருட்டிவிட்டு, பெண்ணின் அப்பா எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் எச்சில் துப்பத் திரும்பிய நேரத்தில் உருண்டையை எடுத்து மடியிலிருந்த துண்டில் வைத்து மூடினேன். அவர் திரும்பியபோது வட்டில் காலி. அவர் முகத்தில் மரியாதை கூடியது. களியை மெல்லாமல் விழுங்குவது எங்கள் ஊரில் சாதாரணம்தான். முழு உருண்டையை ஒரே மூச்சில் விழுங்கிய ஆளை அவர் அன்றுதான் பார்த்திருப்பார்.

களி ஆறாத பண்டம். மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே நெருப்பை வைத்திருக்கும். சீர் பற்றிப் பேச்சு வந்தது. கறவை மாடு ஒன்று தருகிறோம் என்று அவர் சொல்லி வாயை மூடவும், களியின் உள்நெருப்பு துண்டையும் வேட்டியையும் கடந்து தொடைக்கு வரவும் சரியாக இருந்தது. துண்டைப் பிடித்துக்கொண்டு துள்ளி எழுந்துவிட்டேன். அந்தக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அதே வித்தையை மற்ற வீடுகளில் காட்ட முடியவில்லை. சோற்றை மடியில் கட்ட முடியாது, தொடையும் ஒப்பவில்லை. அன்று நான் எழுந்ததும் பெண்ணின் அப்பாவும் பதறி எழுந்து என் தோளைப் பிடித்தார்.

"ஒரு மாட்டுக்கா இவ்வளவு கோவம்? உட்காருங்க, கன்னுக்குட்டியோட தர்றோம்!"


எந்தக் கொடிக்கால்

மாத்திரையை யார் கண்ணிலும் படாமல் போட ஒரே வழி வெற்றிலை. மடித்து உள்ளே வைத்துவிட்டால் போதும். இந்த ஏற்பாட்டிலும் ஒரு ஓட்டை இருந்தது. பேச்சு முடிந்ததும் இரண்டு பக்கத்தாரும் வெற்றிலை மாற்றிக்கொள்வது வழக்கம். மொரப்பூர்க்காரர் ஒருவர், நல்ல மனுஷர், தட்டிலிருந்து எடுக்காமல் என் கையில் மடித்து வைத்திருந்ததையே உரிமையோடு பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டார். வாயைத் திறங்கள் என்று சம்பந்தம் பேச வந்த இடத்தில் எப்படிச் சொல்வது? அவர் மென்றார். நான் மென்ற தடவைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை எட்டு மைல் நடந்து என் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் பின்கதவைப் பார்த்து வைத்துக்கொண்டேன். காலையில் ஏர் ஓட்டினாராம். மத்தியானம் வேலி அடைத்தாராம். அப்புறமும் கை கால் சும்மா இருக்கவில்லை என்பதால் பக்கத்துக் காட்டுக்காரர் வேலியையும் அடைத்தாராம். ஒரு மாத்திரை அப்படியெல்லாம் செய்யாது என்று டாக்டர் பின்னால் என்னிடம் சத்தியம் செய்தார். அந்த மனுஷர் அதை நம்பியிருக்க மாட்டார். வாசலில் நின்று, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த வெத்தலை எந்தக் கொடிக்கால்துங்க?"


பரிசல்காரர் சொன்னது

வயிற்றுக்கு நிம்மதி கிடைத்த இடம் ஒகேனக்கல் ஒன்றுதான். அங்கே யாருக்கும் நான் தரகனில்லை. அருவிக்கு மேலே பரிசல் துறையில் ஒரு பெண் கல் அடுப்பில் மீன் வறுத்துக்கொண்டிருப்பாள். இலையில் ஐந்து மீன், இன்னொரு இலையில் மூன்று. சோறு எங்கே என்று அவள் கேட்க மாட்டாள். இன்னும் வேண்டுமா என்றுதான் கேட்பாள். அதற்காகவே அந்தப் பக்கத்து வரன்களை நான் கொஞ்சம் அதிகமாகத் தேடியிருக்கிறேன் என்று இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் அங்கேயும் ஒரு நாள் மாதையன் வீட்டு விஷயம் என்னைப் பிடித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாத்திரைக்காரர் இருவர் காரிமங்கலத்தார். மேற்கே ஒரு வீட்டில் பெண்ணுக்கு வரிசையாக வரன் தட்டிப் போகிறது, தரகனே சோற்றைத் தொடாமல் எழுந்துவிட்டானாம், ஏதோ இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். நான் கொண்டுபோன வரன் அன்றே கலைந்தது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வேறு தரகர்கள் கொண்டுபோன இரண்டும், என் புறங்கையில் விழுந்த அந்தச் சோற்றால் கலைந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. காவேரிக்குப் பத்தொன்பது வயது. அந்த நாளில் அது ஊர் விரல் விட்டு எண்ணுகிற வயது. எட்டாவது மீன் தொண்டையில் நின்றது. என்னையே கவனித்துக்கொண்டிருந்த பரிசல்காரர் துடுப்பை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"சோறில்லாம இத்தனை மீன் திங்கறவங்க ரெண்டு பேரைத்தான் நான் பார்த்திருக்கேன். ஒண்ணு முதலை, ஒண்ணு நீங்க."


சர்க்கார் ஆள்

அதியமான்கோட்டையில் ஒரு வீட்டில் சோறு பரிமாறினார்கள். நான் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பசிக்கிற பத்தியக்காரன் சோற்றைப் பார்க்கிற பார்வை உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. அரிசி பதுக்கியவர்களைத் தேடிச் சர்க்கார் ஆட்கள் வேஷம் போட்டு வருகிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. உள்ளே தடதடவென்று பானைகள் இடம் மாறின. வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் வந்து நின்றார்.

"இது போன வருஷத்துச் சோறுங்க, சாமி."


ஒரு தடவை சாப்பிட்டது

சாப்பிட்டுத்தான் தொலைத்தால் என்ன என்று கேட்பீர்கள். கேட்கலாம். பாலக்கோட்டில் ஒரு தடவை சாப்பிட்டேன். மூன்று மாதம் வாய் கட்டியவனுக்கு முன்னால் நெய்யும் பருப்பும் சோறும் வந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. மூன்று தடவை வாங்கினேன். பெண் வீட்டாருக்கு ஆனந்தம். ஆளனுப்பிவிட்டார்கள். நாலு மைல் தூரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வண்டி கட்டி வந்தார்கள்.

அதற்குள் நான் கம்பத்தில் சாய்ந்து தூங்கிப் போனேன். தொட்டு எழுப்பினார்கள். தண்ணீர் தெளித்தார்கள். காதில் என் பெயரைச் சொன்னார்கள். குறட்டை மட்டும் பதில் சொன்னதாம். தரகன் மயங்கி விழுந்த வீட்டில் பேச்சு எடுக்கக் கூடாது என்று வந்தவர்கள் வண்டியைத் திருப்பிவிட்டார்கள். ஆகவே சாப்பிடாவிட்டால் ஒரு சம்பந்தம் போகும், சாப்பிட்டால் ஒரு சம்பந்தம் போகும். நான் கண் விழித்தபோது வீட்டில் என்னையும் பெண்ணின் சித்தப்பாவையும் தவிர யாருமில்லை. அவர் என் முகத்துக்கு நேரே விசிறிக்கொண்டிருந்தார்.

"சோத்துக்கே இப்படின்னா, பாயாசம் ஊத்தியிருந்தா பாடையில்ல கட்டியிருக்கணும்?"


வைக்கோல் போர்

மாதையன் வீட்டுக்கு மறுபடி போனேன். இந்தத் தடவை கையில் ஒரு நல்ல வரன். பெரியண்ணன் என்பவர், அதியமான்கோட்டைக்கு இந்தப் பக்கம் காடு கழனி உள்ளவர். அவருடைய இரண்டாவது மகன். மாதையன் என்னை உட்கார வைத்தார். சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை, சொல்லத் துணியவில்லை. சனிக்கிழமை விரதம் என்று நானே முந்திக்கொண்டேன். பேசி முடித்து, கால் கழுவி வருவதாகச் சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய், வைக்கோல் போருக்குப் பின்னால் குந்தி இரண்டாவது முட்டையை வாயில் போட்டபோது, போரின் மறுபக்கத்திலிருந்து யாரோ வைக்கோல் பிடுங்கினார்கள். காவேரி. கையில் ஒரு கத்தை வைக்கோல். காலடியில் முட்டை ஓடு.

"சனிக்கிழமை விரதத்துக்கு இது சேருமுங்களா?"

முட்டை வாயில் இருந்ததால் எனக்குப் பொய் வரவில்லை. விழுங்கிவிட்டு, துண்டை அவிழ்த்துக் கழுத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர், மாத்திரை, சோறு, களி, பாலக்கோட்டுக் குறட்டை எல்லாம். அவள் சிரிக்கவில்லை. வைக்கோலைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியண்ணன் வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். வாசலிலிருந்து பத்தடி என்றேன். அவள் தினமும் மூன்று நடை, நடைக்கு ஒரு மைல், தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தவள். பத்தடியை மனசில் நடந்து பார்த்தாள்போல. அவள் முகத்தில் அந்த வரன் வேண்டும் என்று எழுதியிருந்தது. பிறகு என் கழுத்தைப் பார்த்தாள்.

"உங்க கழுத்து வீங்குனதுக்கு, எங்கழுத்துல தாலி ஏறாம நிக்குதுங்களா?"


பார்த்தால்தான் நம்புவேன்

பெரியண்ணன் பேச்சை நம்பாதவர். சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார். விற்கிறவன் எண்ணிக் காட்டினாலும் மறுபடி எண்ணுவார். காரிமங்கலத்துப் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அன்றைக்கு வயிறு சரியில்லை என்று சமாளித்தேன். வயிறு சரியாகிவிட்டதா என்றார். சரியாகிவிட்டது என்றேன். அப்படியானால் வருகிற புதன்கிழமை நானும் வருகிறேன், நீங்கள் அந்த வீட்டில் சாப்பிடுவதை உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார்.

பாவாயியிடம் சொன்னேன். ஒரு வேளைதானே, சாப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாவது விழித்திருக்கிறேன் என்றேன். பாலக்கோட்டில் நாக்கு இல்லையா என்றாள். காவேரிக்குச் செய்தி அனுப்பினேன்: பெரியண்ணனும் வருகிறார், எதிரிலேயே உட்காருவார், நான் சாப்பிட்டாக வேண்டும், சோறு கொஞ்சமாகப் போடவும். கொஞ்சமாகப் போட்டால் பெரியண்ணன் விட மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் கிளம்பும்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"ஒரு கை சோத்தைப் பிசைஞ்சு பாவனை பண்ற வேலையெல்லாம் வேண்டாம். மூணு தடவை வாங்கணும், நான் எண்ணுவேன்."


புதன்கிழமை

எனக்கு மட்டும் இலை. பெரியண்ணன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு செம்பு மோரை முன்னால் வைத்துக்கொண்டு என் இலையைப் பார்த்தார். மாதையன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நிலையை அவர் விட்டால் வீடே சரிந்துவிடும் என்பதுபோலப் பிடித்திருந்தார். காவேரி அடுப்படியிலிருந்து பானையோடு வந்து என் இலையில் கரண்டி கரண்டியாகப் போட்டாள். கொஞ்சமாக அல்ல. ஒரு குன்று. நிறுத்தச் சொல்ல என் கை எழுந்தது. பெரியண்ணன் பார்த்தார். கையை இறக்கிவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்க்காமல் குன்றின் தலையில் புளிக்குழம்பை ஊற்றினாள்.

பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தேன். மெல்ல ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டேன். மேலே நாலு பருக்கை சோறு. அதற்குக் கீழே இருந்தது சோறில்லை. வழுவழுவென்று, கொஞ்சம் நீர் விட்டு, பல்லில் பட்டதும் நறுக்கென்றது. வெண்பூசணி. சோற்றுப் பருக்கை அளவுக்குத் துருவி, ஒரு கொதி விட்டு, நீரைப் பிழிந்து எடுத்திருந்தாள். கூரை மேல் கிடந்த காயை அன்று காலையில் பறித்துக் கொடுத்தவர் மாதையனேதான். விருந்தாளி போனதும் திருஷ்டி சுற்ற என்று நினைத்தாராம். நான் காவேரியைப் பார்த்தேன். அவள் பெரியண்ணனைப் பார்த்தாள்.

"சோறு எப்படிங்க?" என்றார் பெரியண்ணன். "பூ மாதிரி" என்றேன். என் தொழிலில் நான் சொன்ன சில உண்மைகளில் அது ஒன்று. இரண்டாவது தடவை நானே கேட்டு வாங்கினேன். மூன்றாவது தடவைக்கு ரசம் கேட்டேன். தூக்கம் வரவில்லை, குரல்கூடக் கொஞ்சம் தெளிந்ததுபோலப் பட்டது. மூன்று என்று பெரியண்ணன் விரல் மடக்கினார். மடக்கிய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். என் இலையைப் பார்த்தார். செம்பு மோரைத் தள்ளி வைத்தார்.

"எனக்கும் ஒரு இலை போடு, ஆத்தா."

எட்டு மாதமாக அந்த வீடு காத்திருந்த வார்த்தை அதுதான். அதைக் கேட்டதும் எனக்குத்தான் வியர்த்தது. மூன்று குன்றையும் என் இலையிலேயே கவிழ்த்தாகிவிட்டது; பானையில் மிச்சமிருந்தாலும் அது பூசணி. காவேரி அவசரப்படாமல் உள்ளே போனாள். வேறொரு பானையோடு வந்தாள். அதிலிருந்தது நிஜமான சோறு. கைக்குத்தல், இலேசான செம்மை, ஆவி பறந்தது. இலையில் போட்டாள். பெரியண்ணன் கையை வைக்கவில்லை. குனிந்து தன் இலையைப் பார்த்தார். என் இலையில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். மாட்டுப் பல்லைப் பார்க்கிற அதே பார்வை. மாதையனின் கை நிலையை விட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இதென்னங்க அநியாயம்? தரகருக்கு வெள்ளை வெளேர்னு ஒரு சோறு, சம்பந்திக்குப் பழுப்பா ஒரு சோறா?"

சம்பந்தி என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, மாதையன் ஓடிப்போய் வெற்றிலைத் தட்டை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்துவிட்டார். அடுத்த வருஷம் நெல் விளைந்ததும் உங்களுக்கும் வெள்ளையாகக் குத்திப் போடுகிறேன் சம்பந்தி என்றார். பெரியண்ணன் சிரித்தார். மாதையன் அழுதார். பெரியண்ணன் பழுப்புச் சோற்றில் கை வைத்துப் பிசைந்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அவரும் எண்ணினார், நானும் எண்ணினேன். தை மாதம் என்று பேச்சு ஓடியது.

பத்தியக்கார அன்பர்களே, இருபது வருஷத் தொழிலில் நான் வாயால் முடித்த கல்யாணங்கள் எத்தனையோ இருக்க, வயிற்றால் முடித்தது இது ஒன்றுதான், அதிலும் பாதிப் பெருமை பூசணிக்காய்க்குப் போகிறது.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். காவேரி அடுப்படி வாசலில் குந்தி உட்கார்ந்து, தேங்காய்த் துருவியின் பல்லில் ஒட்டியிருந்த வெள்ளை நாரை விரலால் வழித்து மாட்டுத் தொட்டியில் உதறினாள்.